ஒரு கையில் மட்டும் பார்த்த பிரஷர்

நேற்று ஃபெக்டரி சிக் ரூமுக்குப் புதுப் பிரஷர் மெஷின் வந்தது, புள்ள. பெட்டியைப் பிரித்ததும் புது ரப்பர் வாசம் அறை முழுக்கப் பரவியது. கையில் சுற்றும் பட்டியை ஒரு தடவை ஒட்டிப் பிய்த்துப் பார்த்தேன். அந்தச் சத்தம் கேட்டதும் உன் ஞாபகம் வந்தது என்று எழுதினால் அது பொய். முதலில் வந்தது எனக்கு முன் இந்த அறையைப் பார்த்துக்கொண்ட மிஸ்ஸின் ஞாபகம். அவருக்குப் பின்னால்தான் நீ வந்தாய். அதற்காகவும் அவர் மேல் எனக்குக் கோபம்.

நீ மடுல்கெல்லைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பல்லேகல கார்மென்ட்ஸுக்கு வேலைக்கு வந்து, குண்டசாலையில் எங்கள் வீட்டுப் பின்னறையில் தங்கினாய். ஒரே பஸ்ஸில் போவோம், பக்கத்துப் பக்கத்து மெஷினில் உட்காருவோம். நான் சட்டைக்குக் கொலர் தைத்தேன், நீ கை தைத்தாய். உன் தையல் என்னுடையதைவிட நேராக இருக்கும். அதை உன்னிடம் நான் சொன்னதே இல்லை.

துவைத்த துணியைக் கொடியில் போட உனக்கு வலது கை மட்டும்தான் எழும்பும். பின்னல் போட இரண்டு கையையும் தூக்கினால் பாதியில் இடது கை விழுந்துவிடும். மீதிப் பின்னலை நான்தான் போட்டுவிடுவேன்.

"என்ன புள்ள, மகாராணிக்குத் தல பின்னுறதுக்கா எங்க உம்மா என்னப் பெத்தா?" என்பேன்.

"இந்தக் கை மட்டும் அசந்து போயிருதுக்கா. தூக்குனா கல்லக் கட்டுன மாதிரி கனக்குது" என்பாய்.

பின்னேரமானால் லேசான காய்ச்சல். பிறகு கன்டீன் படி ஏறவே மூச்சு வாங்கியது. நெஞ்சு அடிக்கிற அடியில் கட்டில் ஆடுகிறது என்று சொல்லிச் சிரித்தாய். நானும் சேர்ந்து சிரித்தேன். அதை இன்றுவரை என்னால் சீரணிக்க முடியவில்லை.

எங்கள் ஃபெக்டரியில் பிரஷர் பார்க்கும் விதம் உனக்குத் தெரியாததா? யாருக்காவது தலை சுற்றினால் சிக் ரூம் மிஸ் மெஷினைத் தூக்கிக்கொண்டு நாங்கள் தைக்கும் லைனுக்கே வருவார். வேலை நிற்கக் கூடாது. வலது கை துணியைப் பிடித்திருக்கும், இடது கையை மிஸ்ஸுக்கு நீட்ட வேண்டும். எல்லோருக்கும் இடது கைதான். டார்கெட் போய்விடுமே என்று நாங்களும் அதைத்தான் விரும்பினோம்.

"நூற்றுப் பத்துக்கு எழுபது. நார்மல். காலையில ஒழுங்காச் சாப்பிட்டுட்டு வா." ஒவ்வொரு தடவையும் உனக்குக் கிடைத்த மருந்து இவ்வளவுதான்.

ஒருநாள் நீ மெஷின் மேலேயே சாய்ந்து விழுந்தாய். ஆஸ்பத்திரிக்குப் போக அரைநாள் லீவு கேட்டேன், உனக்காக. மிஸ் வந்தார், இடது கையில் பட்டியைச் சுற்றினார், பிய்த்தார். "பிரஷர் நல்லாத்தான் இருக்கு. தோட்டத்துப் புள்ளைகளுக்கு லீவு வேணும்னா இப்பிடி நாலு நடிப்பு வரும்" என்று முழு லைனுக்கும் கேட்கச் சொன்னார். நான் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினேன். நீ என் அபாயாவைப் பிடித்து இழுத்தாய்.

"விடுங்கக்கா. சண்டை வேணாம். வேலை போச்சுன்னா வீட்டுல அடுப்பு எரியாது. ஒண்ணும் பேச மாட்டேன்னு சொல்லுங்க."

சொன்னேன். நீ உயிரோடு இருக்கும்வரை அந்தச் சொல்லைக் காப்பாற்றினேன்.

பிறகு எங்கள் வீட்டில் மவுத், ஒரு சாவு என்று பொய் சொல்லி இரண்டு பேருக்கும் லீவு எடுத்து உன்னைக் கண்டிப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். அங்கே ஒரு சின்ன வயது டொக்டர். மெஷினைத் தொடுவதற்கு முன் உன் இரண்டு மணிக்கட்டையும் பிடித்தார். இடது கையில் விரலை மாற்றி மாற்றி வைத்துத் தேடினார். என்னையும் பிடித்துப் பார்க்கச் சொன்னார். எனக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. கை சூடாக இருந்தது, நாடி இல்லை. வலது கையில் பிரஷர் பார்த்தபோது மேல் எண் எங்கேயோ ஏறியிருந்தது, கீழ் எண் அதலபாதாளத்தில் கிடந்தது.

டொக்டர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். இதயத்திலிருந்து புறப்படும் பெரிய இரத்தக் குழாயில் அழற்சி. இடது கைக்குப் போகும் கிளை சுருங்கிவிட்டது, அதனால் அந்தக் கையில் பார்க்கும் பிரஷர் பொய்யாகக் குறைந்து நார்மல் மாதிரிக் காட்டும். குழாயின் அடிப்பகுதியோ அகன்றுவிட்டது. அங்கே இருக்கும் வால்வு சரியாக மூடுவதில்லை. இதயம் வெளியே தள்ளுகிற இரத்தத்தில் ஒரு பங்கு திரும்ப உள்ளேயே விழுகிறது.

"இவ்வளவு நாளா மற்றக் கையில ஒருத்தரும் பார்க்கலையா?" என்று கேட்டார். நீ என்னைப் பார்த்தாய்.

வால்வை மாற்ற வேண்டும், ஆனால் அழற்சி அடங்கும்வரை தொட முடியாது, போடுகிற தையல் பிடிக்காமல் போகலாம் என்றார். நான் விளங்காமல் முழித்தேன். நீதான் சொன்னாய்: "இத்துப்போன துணியில தையல் நிக்காது. அதானே டொக்டர்?"

"அதேதான்" என்று டொக்டர் சிரித்துவிட்டார். வெளியே வந்ததும் என்னை மட்டும் திரும்பக் கூப்பிட்டு, "ஒரு வருஷம் முந்திக் கொண்டுவந்திருந்தா நிலைமை வேற" என்றார். அதை உன்னிடம் நான் சொல்லவில்லை. உனக்கும் சேர்த்து நானே வைத்துக்கொண்டேன்.

டொக்டர் தந்த குளிசையை விழுங்கி விழுங்கி உன் முகம் உப்பியது. "இப்பத்தான் மூஞ்சி ரவுண்டா அழகா இருக்கு, ஒரு போட்டோ எடுங்கக்கா" என்றாய். அழற்சி அடங்குவதற்குக் காத்திருந்தோம். அது அடங்கவில்லை. மடுல்கெல்லையில் உங்கள் லயத்து வீட்டில் ஒரு காலையில் தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வாங்கியபடியே நீ போய்விட்டாய். ஃபெக்டரி பெயர் போட்ட மலர்வளையத்தை மிஸ் கொண்டுவந்து வைத்துவிட்டு, வெளியே வான் வண்டி காத்திருக்கிறது என்று உடனே கிளம்பினார்.

அன்றைக்கே முடிவு செய்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் முதலுதவி வகுப்புக்குப் போனேன். மெனேஜரைக் கெஞ்சி சிக் ரூமில் உதவியாளாகச் சேர்ந்தேன். சேவை செய்யும் ஆசை என்று எல்லோரும் மெச்சினார்கள். ஆசை வேறு. மூன்று வருஷம் மிஸ்ஸுக்குத் தேத்தண்ணி ஊற்றினேன், அவர் சொன்ன பகிடிக்கெல்லாம் பல்லைக் காட்டினேன். அவர் சாப்பிடப் போகும் நேரத்தில் அலுமாரியிலிருந்த பழைய பதிவுப் புத்தகங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். அதில் யாருடைய பெயரும் இல்லை, ஊழியர் இலக்கம் மட்டும்தான். உன் இலக்கம் பதினொரு இடத்தில் இருந்தது.

போன மாதம் மிஸ்ஸுக்குப் பிரியாவிடை. கன்டீனில் கதிரை அடுக்கி, பலூன் கட்டி, கேக் வைத்திருந்தார்கள். மிஸ்ஸைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லென்று மைக்கை என்னிடம் கொடுத்தார்கள். நான் புத்தகத்தைத் திறந்து வாசித்தேன். உன் இலக்கம். இடது கை. நார்மல். லைனுக்கு அனுப்பப்பட்டது. மறுபடி உன் இலக்கம். இடது கை. நார்மல். லைனுக்கு அனுப்பப்பட்டது. பதினொன்றையும் வாசித்தேன். ஆறாவதில் மெனேஜர் எழும்பினார், லைன் பிள்ளைகள் பார்த்த பார்வையில் திரும்ப உட்கார்ந்துகொண்டார். கடைசியில், "இந்தப் பிள்ளை செத்துப்போச்சு. வலது கையை ஒரே ஒரு தடவை பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்" என்று சொல்லி மைக்கை வைத்தேன். கேக்கை யாரும் வெட்டவில்லை.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது, புள்ள. மறைக்க மாட்டேன். மிஸ்ஸின் முகம் வெளிறியதைக் கண்குளிரப் பார்த்தேன். நீயாக இருந்தால் என் அபாயாவைப் பிடித்து இழுத்திருப்பாய்.

எல்லோரும் போன பிறகு அவர் சிக் ரூமுக்கு வந்தார். "எனக்கும் அப்பிடித்தான் பழக்கினாங்க. யாரும் சொல்லித் தரல்ல" என்றார். கண் கலங்கியிருந்தது. பிறகு கேட்டார்: "அந்தப் புள்ளட பேர் என்ன?"

"அத மட்டும் உங்களுக்குச் சொல்ல மாட்டேன் மிஸ்."

அவர் போகவில்லை. நோயாளிகள் உட்காரும் கதிரையில் உட்கார்ந்து, மேசை மேல் இரண்டு கையையும் நீட்டி வைத்தார். "எனக்குத் தல சுத்துது. பாரு" என்றார்.

பார்த்தேன். முதலில் வலது மணிக்கட்டு, பிறகு இடது. ஏதாவது குறை இருக்க வேண்டுமே என்று மனதார வேண்டிக்கொண்டு விரலை வைத்தேன். இரண்டிலும் நாடி நன்றாக, ஒரே சீராக ஓடியது. பிரஷரும் இரண்டு கையிலும் ஒன்றுதான். அதை அவரிடம் சொன்னேன். நன்றி என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்.

இப்போது சிக் ரூம் என் பொறுப்பு. மெஷினை நிறுத்திவிட்டு இங்கே வந்தால்தான் பிரஷர் பார்ப்பேன், இரண்டு கையிலும். டார்கெட் போகிறதென்று சுப்பவைசர்கள் கத்துகிறார்கள், கத்தட்டும். ஆனால் உன்னைப் பற்றி எழுத உட்கார்ந்தால் உன் முகம் சீக்கிரம் வருவதில்லை, புள்ள. உன் இடது கையில் நான் தேடியும் கிடைக்காத துடிப்பு மிஸ்ஸின் இடது கையில் நன்றாக அடித்ததே, அதுதான் இன்னும் என் விரல் நுனியில் அடித்துக்கொண்டிருக்கிறது.