டிக்கி திறக்கும் சாம்பல் நிறக் கார்

சிங்கப்பூர்
10-6-1966

அன்புள்ள வள்ளித்தாய்க்கு,

நான் சுகம். நீயும் அம்மாவும் சுகமென்று நம்பிக்கொண்டே எழுதுகிறேன். குற்றாலத்தில் சாரல் விழுந்திருக்கும். கடையில் உனக்குத் தலை நிமிர நேரமிருக்காது. இதை வழக்கம்போல அம்மாவுக்கு வாசித்துக் காட்டு. அம்மா, உங்கள் முட்டுவலிக்குத் தைலம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

வடகரை கிதிர் முகம்மது பாய் ஊருக்குக் கப்பலேறியிருக்கிறார். தைலத்தோடு ஒரு பெட்டியும் அவரிடம் இருக்கிறது. உள்ளே ஒரு கார். நான் செய்தது. சிரிக்காதே.

எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் தொலைக்காட்சிப் பெட்டி ஒன்று வைத்திருக்கிறார்கள். ரேடியோ மாதிரிதான், ஆனால் பேசுகிறவர் முகமும் தெரியும். வியாழக்கிழமைகளில் ஒரு துப்பறிகிறவர் கதை வருகிறது. அமெரிக்காக்காரர். கதை எனக்குப் பாதிதான் புரியும். அவர் ஓட்டுகிற கார் முழுக்கப் புரியும். மேல்மூடி இல்லாத நீளமான வண்டி, பின்னால் மீன் வால் போல இரண்டு தூக்கல். ஒரு வாரத்தில் அது முழுசாகக் கண்ணுக்கு நிற்பது பத்து விநாடி இருக்காது. ஒரு வாரம் சக்கரம், ஒரு வாரம் கதவு என்று சிகரெட் அட்டையில் வரைந்து வரைந்து சேர்த்தேன். அளவு யாரிடம் கேட்பது? ஓட்டுகிறவரின் தோளுக்கும் தொப்பிக்கும் உள்ள உயரத்தை வைத்து மற்றதையெல்லாம் கணக்குப் போட்டேன். இரண்டு அடிக்கு ஓர் அங்குலம். உடம்பு தேயிலைப் பெட்டிப் பலகை, பம்பர் பால் டின் தகரம், டயர் பழைய ரப்பர் செருப்பு. முன் கண்ணாடி, கழுவி எடுத்த எக்ஸ்ரே பிலிம். ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கும். தப்பில்லை, அந்த நாட்டில் அப்படி.

நிறம்தான் தெரியவில்லை. பெட்டியில் எல்லாமே சாம்பல். தெரியாததை நான் ஏன் இட்டுக்கட்ட வேண்டும்? சாம்பலே பூசிவிட்டேன்.

டிக்கி திறக்கும்படி செய்திருக்கிறேன். ஆளில்லாத நேரமாகப் பார்த்து, நீயே உன் கையால் திறந்து பார். பார்த்தபின் எழுது. அவசரம் இல்லை என்று எழுதத்தான் நினைத்தேன். அவசரம்தான்.

பரமசிவன்


குற்றாலம்
21-6-1966

அன்புள்ள அத்தானுக்கு வள்ளித்தாய் எழுதுவது.

அத்தை நலம், நான் நலம், எள் விலைதான் நலமாக இல்லை. பேரருவியில் தலை கொடுக்க முடியாத தண்ணீர். எண்ணெய் தேய்க்க வருகிற கூட்டத்துக்கு இரண்டாவது கடையிலும் ஆள் போட்டுவிட்டேன். நான் தட்டில் எண்ணெய்க் கிண்ணத்தோடு அருவிக்கரையில் நின்றதும், நீங்கள் பிளஷர் காரில் சவாரி கொண்டுவந்து இறக்கி, "அந்தப் பிள்ளைட்ட வாங்குங்க, கலப்படம் கெடையாது" என்று கை காட்டினதும் எப்போதோ நடந்த கதையாகிவிட்டது.

பாய் 14ஆம் தேதி வந்து பெட்டியைக் கொடுத்தார். டீ குடித்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, "பெட்டியப் பாருங்க தங்கச்சி" என்று மட்டும் சொல்லிப் போனார். கார் அழகு. உங்களுக்காகச் சொல்லவில்லை, நிசமாகவே அழகு. அத்தை அதைப் பார்த்துவிட்டு, "பிள்ளை இல்லாத வீட்டுக்கு வெளாட்டுக் காரு எதுக்குட்டி?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. வீட்டில் வைக்காமல் கடைக்குக் கொண்டுபோய்க் கல்லாவுக்கு மேல் பலகையில் வைத்தேன்.

மூன்றாம் நாள் கோவில்பட்டி சைக்கிள் கடைக்காரர் சங்கிலிப்பாண்டி குடும்பத்தோடு குளிக்க வந்தார். இரண்டு டின் எண்ணெய் வாங்கி, லாரியில் போட்டுவிடச் சொன்னார். அவர் மகள் காரைப் பார்த்துவிட்டு நகர மாட்டேன் என்கிறாள்.

"அக்கா, இது என்ன வெல?" என்றார் சங்கிலிப்பாண்டி.

"அது விக்கதுக்கு இல்ல, அண்ணாச்சி."

"கடைல தூக்கி வச்சாச்சுன்னா வெல உண்டுல்லா?"

இப்படிக் கேட்டால் ஒரு வியாபாரி விலை சொல்லத்தான் வேண்டும், அத்தான். வேண்டாமென்று போகட்டும் என்றுதான் இருபது ரூபாய் சொன்னேன். மனுஷன் எடுத்து நீட்டிவிட்டார்.

உங்கள் கடிதம் இன்று காலைதான் வந்தது. டிக்கி திறக்கும் என்று முன்பே தெரிந்திருந்தால் இன்னும் ஐந்து ரூபாய் கூட்டிச் சொல்லியிருப்பேன். உள்ளே ஏதாவது வைத்திருந்தீர்களா? மிட்டாய் என்றால் அந்தப் பிள்ளை தின்றிருக்கும்.

இதேபோல ஆறு கார் செய்து அனுப்புங்கள். ஆடி முடியுமுன் வந்தால் ஒரே வாரத்தில் விற்றுக் காட்டுகிறேன். சாம்பல் மட்டும் வேண்டாம், அது துக்க வீட்டு நிறம், சிவப்பு அடியுங்கள். ஸ்டியரிங்கை வலப்பக்கம் மாற்றுங்கள். வருகிறவனெல்லாம் தப்புக் கண்டுபிடிக்கிறான்.

வள்ளித்தாய்


சிங்கப்பூர்
1-7-1966

அன்புள்ள வள்ளித்தாய்க்கு,

கடிதம் கிடைத்தது. கார் நல்ல விலைக்குப் போனதில் சந்தோஷம். அம்மா, தைலம் குணம் தெரிகிறதா?

டிக்கியில் இருந்தது மிட்டாய் அல்ல. உன்னிடம் ஒன்று கேட்டிருந்தேன். கடிதத்தில் கேட்கக்கூடியதென்றால் கடிதத்திலேயே கேட்டிருப்பேன். போனது போகட்டும்.

ஆறு கார் செய்கிறேன். சிவப்பே அடிக்கிறேன். ஸ்டியரிங் வலப்பக்கம்.

பரமசிவன்


குற்றாலம்
12-7-1966

அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை அத்தைக்கு வாசித்துக்கொண்டு வந்தவள், "மிட்டாய் அல்ல" என்ற இடத்தில் நின்றுவிட்டேன். "என்னட்டி, பாதில நிறுத்திட்ட?" என்றார். சாரல் பட்டு மை கலங்கியிருக்கிறது என்றேன். மிச்சத்தை நானே இட்டுக்கட்டி வாசித்தேன். உங்களுக்கு இரண்டு சட்டை தைத்ததாகவும், தீபாவளிக்கு மழை வருமா என்று நீங்கள் கேட்டதாகவும் அத்தை நினைத்துக்கொண்டிருக்கிறார். அடுத்த கடிதத்தில் அதற்குத் தகுந்தாற்போல எழுதிவிடுங்கள்.

நான் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவள். நேராகவே கேட்கிறேன். அங்கே உங்களுக்கு வேறு குடும்பம் இருக்கிறதா? இருந்தால் சொல்லிவிடுங்கள். ஒன்பது வருஷத்தில் ஒரு தடவைதான் வந்து போனீர்கள், அதுவும் ஆச்சு ஐந்து வருஷம். போன வருஷம் தீபாவளிக்கு வருகிறேன் என்றீர்கள். பிறகு பேச்சே இல்லை. பாய் என் முகத்தைப் பார்த்தே பேசவில்லை. இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் எனக்கு வேறு விடை வரவில்லை.

காரை விற்றது தப்புத்தான். அது உங்கள் கைவேலை என்று பார்த்தேனே தவிர, எனக்கு வந்த கடிதம் என்று பார்க்கவில்லை. எங்கே தெரியும்? ஒன்பது வருஷமாக உங்கள் கடிதம் என்றால் அது அத்தைக்கும் பக்கத்து வீட்டு ரெங்கம்மாளுக்கும் சேர்த்து உரக்க வாசிக்கிற கடிதம்தானே. எனக்கென்று தனியாக ஒன்று வரும் என்று நான் நினைத்ததே கிடையாது.

இனிமேல் தென்காசி வீட்டு விலாசம் வேண்டாம். குற்றாலம் கடை விலாசத்துக்கு எழுதுங்கள். நானே உடைத்து நானே படிக்கிறேன். கேட்க வேண்டியதைக் கேளுங்கள்.

வள்ளித்தாய்


சிங்கப்பூர்
6-8-1966

அன்புள்ள வள்ளித்தாய்க்கு,

இது கடை விலாசத்துக்கு. அம்மாவுக்குத் தனியாக ஒன்று எழுதியிருக்கிறேன். இரண்டு சட்டையும் தீபாவளி மழையும் அதில் வருகின்றன.

வேறு குடும்பம் இல்லை. தேயிலைப் பெட்டிப் பலகையையும் பசையையும் தவிர இந்த அறையில் வேறு எதுவுமே இல்லை.

ஆறு காரும் கப்பலில் ஏற்றியாயிற்று. மூன்று, அந்தத் துப்பறிகிறவருடையது. இரண்டு, தொலைக்காட்சியில் வருகிற இன்னொரு கதையின் சிரிப்புக் குடும்பத்துடையது. பக்கங்களில் மரப்பலகை வைத்த கார், ஆறு பேர் ஏறுவார்கள், ஏறும்போதெல்லாம் சண்டை போடுவார்கள். ஒன்று, அதே குடும்பக் கதையில் வருகிற வயதான டாக்டருடையது. அவர் காரை விட்டு இறங்குவதை மட்டும் நான் கவனமாகப் பார்ப்பேன். கதவைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்குவார். எல்லாம் சிவப்பு. எதிலும் டிக்கி திறக்காது. ஆணி அடித்துவிட்டேன்.

கேள் என்கிறாய். இரண்டு நாள் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன். முடியவில்லை, வள்ளி. ஒரு தடவைக்கான தைரியம்தான் என்னிடம் இருந்தது, அது கோவில்பட்டிக்குப் போய்விட்டது. தென்காசி ஸ்டேஷனில் நான் ரயிலேறின அன்று நீ சொன்ன வார்த்தை ஒன்று உண்டு. அது ஞாபகம் வந்தால் எழுதுகிற கை நின்றுவிடுகிறது.

கம்பெனியில் கேட்கிறார்கள்: இன்னும் மூன்று வருஷம் இருக்கிறாயா, ஊருக்கு டிக்கெட் எடுத்துத் தரட்டுமா என்று. தீபாவளிக்குள் சொல்ல வேண்டும். அதற்குள் ஒன்றும் தெரியவில்லையென்றால் இங்கேயே கையெழுத்துப் போட்டுவிடுவேன்.

பரமசிவன்


குற்றாலம்
24-9-1966

என் அத்தானுக்கு,

கார்கள் ஆவணி கடைசியில் வந்தன. சீசன் முடிந்து அருவிக்கரையில் குரங்குகளைத் தவிர யாருமில்லை. அது கிடக்கட்டும்.

சங்கிலிப்பாண்டிக்கு எண்ணெய் அனுப்பின லாரி ஆபீஸ் சீட்டை நான் கிழிக்காமல் வைத்திருந்தேன். அதில் விலாசம் இருந்தது. போன செவ்வாய்க்கிழமை கடையை அடைத்துவிட்டு, ஒரு சிவப்புக் காரைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு சங்கரன்கோவில் வழியாகக் கோவில்பட்டிக்குப் பஸ் ஏறினேன். செவ்வாய்க்கிழமை நான் கடை அடைத்தால் என்னமோ ஏதோ என்று ஊரே விசாரிக்கும். விசாரித்தார்கள்.

அந்தப் பிள்ளை சிவப்பைப் பார்த்ததும் சாம்பலைத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். பதறிப்போய் டிக்கியைத் திறந்தேன். காலி. அவள் அம்மா உள்ளே இருந்து வந்தாள்.

"அந்தப் படத்தத் தேடியா வந்தீக? அது யாரு என்னன்னு நாங்களும் கேட்டுக்கிட்டே இருக்கோம்க்கா. தூரப் போட மனசு வரல. சாமி படத்துக்குக் கீழ வச்சிருக்கேன்."

போட்டோவை எடுத்துக் கொடுத்தாள். நாற்காலியில் நீங்கள். கால்சட்டையின் வலதுபக்கத்தை முழங்காலுக்கு மேலே மடித்துக் குத்தியிருக்கிறது. பக்கத்தில் கக்கத்தில் வைக்கிற ஊன்றுகட்டை. பின்னால் உங்கள் கையெழுத்து: "போன வருஷம் துறைமுகத்தில் லாரி ஏறிவிட்டது. இனி வண்டி ஓட்ட முடியாது. இப்போது சரக்குக் கிட்டங்கி வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருக்கிறேன். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். இப்படியே வரலாமா?"

சங்கிலிப்பாண்டி ஸ்டூல் எடுத்துப் போட்டு, கலர் சோடா உடைத்துக் கொடுத்தார். "யாருக்கா இது?" என்றார். என் வீட்டுக்காரர் என்றேன். அவர் முன்சக்கரம் கழன்ற ஒரு சைக்கிளைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் டிக்கெட் வாங்கவே மறந்துவிட்டேன். கண்டக்டர் சங்கரன்கோவிலில் வந்து கேட்டார். என் ஆயுசில் அப்படி நடந்ததில்லை.

முதலில் கோபம்தான் வந்தது. ஒரு வருஷத்துக்கு மேலாக ஒரு காலோடு அங்கே இருந்துகொண்டு, "கம்பெனி வண்டி நன்றாக ஓடுகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் உரக்க வாசித்திருக்கிறேன். எக்ஸ்ரே பிலிம் என்று எழுதினபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் கிடந்தவன் கையில்தான் அது கிடைக்கும். எண்ணெயில் கலப்படத்தை மூக்கால் கண்டுபிடிக்கிறவள், இதை விட்டுவிட்டேன்.

பிறகு ஸ்டேஷனில் நான் சொன்னதும் ஞாபகம் வந்தது. "கையும் காலும் ஒழுங்கா இருக்கும்போதே சம்பாதிச்சுட்டு வந்து சேருங்க. அதுக்கப்புறம் யாரு சீந்துவா?" அழுகை வந்துவிடக் கூடாதென்று அன்று வாயில் வந்ததைச் சொன்னேன். என் வாய் உங்களுக்குத் தெரியாதா? நீங்கள் அதைப் பத்திரமாக மடித்து வைத்துக்கொள்வீர்கள் என்று நான் கண்டேனா?

இப்போது நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். எனக்கு இரண்டு கடை; நான் ஒருத்தி. கல்லாவில் உட்கார நம்பிக்கையான ஆள் கிடைக்காமல் நாலு சீசனாக அல்லாடுகிறேன். அதற்கு ஒரு கால் தாராளம். இரண்டு காலும் உள்ளவனை வைத்துப் பார்த்துவிட்டேன், அவன் நிமிஷத்துக்கு ஒரு தரம் டீக்கடைக்கு எழுந்து போகிறான். பரிதாபப்பட்டு எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். பரிதாபத்துக்கு நான் யாரையும் கல்லாவில் உட்காரவைக்கிறவள் இல்லை. கம்பெனிக்காரர்களிடம் டிக்கெட் வாங்கிக்கொள்ளுங்கள். கையெழுத்தும் மண்ணும் வேண்டாம்.

வரும்போது பசையும் அந்தச் சிகரெட் அட்டைகளும் மறக்காமல் எடுத்துவாருங்கள். பலகை இங்கே செங்கோட்டையில் வேண்டியமட்டும் கிடைக்கும். தொலைக்காட்சிதான் கிடைக்காது. வரைந்து வைத்திருக்கிற கார்களைக் கொண்டு ஒப்பேற்றிக்கொள்ளலாம்.

சிவப்பில் மீதி ஐந்தும் அடுத்த சீசனுக்கு இருக்கட்டும். சாம்பலை மறுபடியும் கல்லாவுக்கு மேலே வைத்திருக்கிறேன், ஒரு மூலையில் பெயின்ட் பெயர்ந்திருக்கிறது. கீழே "விற்பனைக்கு அல்ல" என்று அட்டை எழுதி ஒட்டிவிட்டேன். இடப்பக்கத்து ஸ்டியரிங் அப்படியே இருக்கட்டும்.

அத்தையிடம் நான் சொல்லவில்லை. அது நீங்கள் நேரில் சொல்ல வேண்டியது. ஆனால் ஒன்று நடந்துவிட்டது. கடை வாசலில் மூன்று படி உண்டு இல்லையா? வியாழக்கிழமை கொத்தனார் மாடனை வரவழைத்து மூன்றையும் இடித்துச் சரிவாகப் பூசச் சொன்னேன். எண்ணெய் டின்னை உருட்டி ஏற்றத் தோதாக இருக்கும் என்றேன். அவனும் நல்ல யோசனை என்றான். நேற்று அவனையே தென்காசி வீட்டுக்குக் கூட்டிப்போய் வாசல்படியையும் அதேபோலச் செய்யச் சொன்னேன். அத்தை கதவைப் பிடித்துக்கொண்டு அந்தச் சரிவை எட்டிப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"வீட்டுக்குள்ள எந்த டின்னட்டி உருட்டிக்கிட்டு வரப்போற?"

அதற்குப் பதிலை நீங்கள் வந்து சொல்லுங்கள்.

வள்ளித்தாய்