நாற்பத்திரண்டு காகிதக் கதவுகள்

டிசம்பர் 2
விடுதி வாசலில் உள்ள அறிவிப்புப் பலகையில் மெஸ் மெனுவும், குடையைத் தொலைத்தவளின் புலம்பலும் மட்டும்தான். குளிர்கால விடுமுறைக்கு மூன்று வாரம்கூட இல்லை. பலகையை அலங்கரிப்பது வார்டன் வேலையே அல்ல. நானாக இழுத்துப் போட்டுக்கொண்டது.
மாலையில், வெளியூர் கல்லூரியில் படிக்கும் மகளை அழைத்தேன். லீவுக்கு வருகிறாளா என்று கேட்டேன். "பாக்கலாம்மா." ஏழு மாதமாக இதே பாக்கலாம்தான்.

டிசம்பர் 4
பிள்ளைகளிடம் யோசனை கேட்டேன். பஞ்சில் பனிமனிதன் செய்யலாம் என்றாள் ஒருத்தி. "போன வருஷப் பஞ்சை எலி இழுத்துட்டுப் போய் குட்டி போட்டுச்சு மேடம்" என்றாள் இன்னொருத்தி. கடைசியில் சுருட்டைதான் (மூன்றாம் வருடம், தலைமுடியால் வந்த பெயர்) உருப்படியாகச் சொன்னாள்: "ஆளுக்கு ஒரு பேப்பர் கதவு வெட்டுவோம். வீட்டுக்குப் போனா நமக்குக் கதவு திறக்கப்போறது யாருன்னு உள்ள எழுதி வைப்போம்."

டிசம்பர் 7
நாற்பத்திரண்டு கதவு. திறந்து மூட வேண்டுமே, அதனால் ஒரு ஓரத்தில் மட்டும் பசை. இன்னும் விரல் பிசுபிசுக்கிறது.

டிசம்பர் 10
எல்லோரும் வகுப்புக்குப் போன பிறகு ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். 'அம்மா.' 'அப்பா, கையில டிவி ரிமோட்டோட.' 'நாய்தான் முதல்ல, அப்புறம்தான் மனுஷங்க.' 'யாரும் இல்லை, சாவி பூந்தொட்டிக்கு அடியில்.' சிரித்தேன்.
என் மகளிடம் இப்படி ஒரு கதவைக் கொடுத்தால் என்ன எழுதுவாள்?

டிசம்பர் 11
எழுதக் கூடாது என்றிருந்தேன். எழுதித்தான் ஆக வேண்டும்.
மே மாதம், நான்கு பாடத்தில் அரியர் என்று அவள் சொன்ன அன்று நான் கத்தியது: "எல்லாத்தையும் பாஸ் பண்ணிட்டு அப்புறம் இந்த வாசப்படிய மிதி." கோபத்தில் வந்த வார்த்தை. மறுநாளே எனக்கு மறந்துபோனது. சாப்பிட்டியா, தூங்குனியா என்று வழக்கம்போல் விசாரித்தேன். அவள் மறக்கவில்லை. ஜூன் லீவுக்கு வரவில்லை. அக்டோபரில் நான்கு நாள் கிடைத்தது, அப்போதும் இல்லை. என் பெண்ணாயிற்றே, பிடித்தால் பிடித்ததுதான்.
நாற்பத்திரண்டு பேருக்குக் கதவு வெட்டினேன் — பெத்த பொண்ணுக்குச் சாத்திட்டேனே. என்ன வாய் இது எனக்கு?

டிசம்பர் 15
அன்று கத்தியது தப்பு என்று இன்று சொல்லிவிடத்தான் போனை எடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள். "படிக்கணும்மா, லீவுல இங்கயே இருக்கேன்." சரி என்றேன்.
சரியாம்!

டிசம்பர் 19
பாதி விடுதி காலி. பெட்டியோடு கிளம்பிய சுருட்டை பலகை முன் நின்றாள்.
"உங்க கதவு எங்க மேடம்?"
"நான் எங்கடி போறேன்?"
"போனாத்தான மேடம் யாராச்சும் திறப்பாங்க."
மிச்சமிருந்த அட்டையில் ஒன்று வெட்டி, அவசரத்தில் கோணலாக ஒட்டிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினாள். உள்ளே காலி. போகவர அதையே திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

டிசம்பர் 20
ஆறு வருடத்தில் நான் விடுப்பே எடுத்ததில்லை. நான் இல்லாவிட்டால் விடுதி இடிந்து விழுந்துவிடும் என்ற நினைப்பு. சமையல்காரம்மாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "மிச்சம் நாலு பிள்ளைங்க. நான் பாத்துக்க மாட்டேனாக்கா? மொதல்ல கிளம்புங்க."
மகளிடம் சொல்லாமல் போகிறேன். சொன்னால் வேண்டாம் என்பாள்.

டிசம்பர் 22
அவள் விடுதி. இரண்டாம் மாடி, கடைசி அறை. ரயிலில் ஒன்பது மணி நேரம் மனப்பாடம் செய்து வைத்த எதுவும் மாடி ஏறியதும் நினைவில் இல்லை. தட்டினேன்.
அவள்தான் திறந்தாள். இளைத்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். முதல் வார்த்தையே அதுதான்:
"இன்னும் ரெண்டு இருக்கும்மா."
"இருந்துட்டுப் போகுதுடி."
வாசல்படிக்கு வெளியிலேயே நின்றிருந்தேன்.
"நான் உள்ள வரலாமா?"
ஒதுங்கி வழிவிட்டாள். அழுதது யார் முதலில் என்று தெரியவில்லை.

டிசம்பர் 24
ரயிலில். எதிர் இருக்கையில் புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டுத் தூங்குகிறாள். வீட்டுச் சாவியை அவள் பையில் போட்டுவிட்டேன். கதவை அவள்தான் திறக்க வேண்டும்.