பாதியில் மறைந்த பக்கம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தியும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன், இங்கே அப்பாவுக்கு முட்டிவலி, வாய்க்கு மட்டும் ஒரு வலியும் இல்லை. பேத்தி பள்ளிக்கூட மேடையில் பேசின வீடியோவைத் தெருவில் பார்க்காத ஆள் கிடையாது, காய்காரம்மா மூன்று தடவை பார்த்தாள், நான்காவது தடவை என்னைக் கண்டதும் தராசைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டாள்.

எழுத்து கோணலாக இருந்தால் வயசு என்று நினைக்காதே, கோபம். நம் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் பெட்டி வைத்திருக்கிறார்கள். விரலால் தொட்டால் சர்க்கரை, பிரஷர், பெண்கள் வியாதி என்று எல்லாவற்றைப் பற்றியும் எழுத்தில் காட்டும், மக்களுக்கு விழிப்புணர்வு வரட்டும் என்று வைத்ததாம். உன் சித்திக்கு மார்பில் ஒரு கட்டி. மூன்று மாதமாக என்னிடம்கூட மூச்சு விடவில்லை. டாக்டரிடம் சொல்லக் கூச்சம், பெட்டிக்கு என்ன கண்ணா இருக்கிறது என்று தனியாகப் போய்ப் பார்த்திருக்கிறாள். வந்த பிறகுதான் என்னிடம் சொன்னாள், அதுவும் சிரித்துக்கொண்டே, கட்டியில முக்காவாசி ஆபத்தில்லாததுதானாம்க்கா, கம்ப்யூட்டரே சொல்லிடுச்சு என்று. அதுக்குக் கீழ என்னடி போட்டிருந்துச்சு என்றேன். அதுக்குள்ள பக்கம் போயிடுச்சுக்கா என்றாள்.

மறுநாள் காலை நானே போய் நின்றேன். ஐந்தாம் வகுப்புப் படிப்புதான், எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், ஆனால் ஒரு எழுத்தை விட மாட்டேன். இரண்டு வரி முடிப்பதற்குள் பக்கம் மறைந்து முதல் படத்துக்குப் போய்விட்டது. கொஞ்ச நேரம் யாரும் தொடாவிட்டால் ஆள் போய்விட்டதாக அது நினைத்துக்கொள்ளுமாம். தொட்டாலோ வேறு பக்கத்துக்குத் தாவுகிறது. மறுபடி மறுபடி முதலிலிருந்து போய், விட்ட இடத்தைத் தேடிப் பிடித்து, மளிகைச் சீட்டின் பின்பக்கம் ஒவ்வொரு வரியாக எழுதிக்கொண்டேன். பதினோராவது தடவைதான் கடைசி வரி கிடைத்தது. எந்தக் கட்டியானாலும் தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டவும் என்று போட்டிருந்தது. இதை முதல் வரியில் போட்டால் யார் குடி முழுகிவிடும்.

அதைப் பார்த்துக்கொள்ளும் மேற்பார்வையாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் டையைச் சரிசெய்துகொண்டு, பாட்டி, காலையிலேயே பதினோரு பேர் பயனடைஞ்சிருக்காங்க பாருங்க என்று கணக்கைக் காட்டுகிறார். அந்தப் பதினோரு பேரும் நான் ஒருத்திதான்யா என்றேன். வேகமா படிக்கத் தெரிஞ்ச யாரையாவது கூட்டிட்டு வாங்க என்கிறார். வேகமா படிக்கிறவன் கையில போன் வச்சிருக்கான், அவனுக்கு எதுக்கு உங்க பெட்டி என்று கேட்டேன். வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள், அவர் முகம் சுண்டிப்போயிற்று. மேலே எழுதிப் போடுகிறேன் என்றார். நானே எழுதிக் கொடுத்தேன். நம் தையல்காரரும் சர்க்கரையைப் பற்றிப் பாதிதான் படித்தாராம், சாப்பிடலாம் என்கிற பட்டியல் வந்ததாம், கூடாது என்கிற பட்டியல் வரவே இல்லையாம், அவரும் கையெழுத்துப் போட்டார். இன்றோடு பன்னிரண்டு நாள், பெட்டி அப்படியேதான் இருக்கிறது, நானும் தினம் போய்க் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

கடைசி வரியைப் படித்த அன்றைக்கே சித்தியை டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனேன். கதவுக்கு வெளியே தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். நான் முதலில் உள்ளே போய் என்னைப் பரிசோதிக்கச் சொன்னேன், எனக்கு ஒன்றுமில்லை, அதைப் பார்த்துத்தான் அவள் வந்தாள். ஊசியால் சதை எடுத்து அனுப்பியிருக்கிறார்கள், முடிவு வியாழக்கிழமை வரும். மூன்று மாதம் போனது போனதுதான் என்று டாக்டரம்மா சொன்னபோது பெட்டி மேல் இருந்த கோபம் பாதி என் மேலேயே திரும்பியது, ஒரே வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியவில்லையே.

முடிவு எதுவானாலும் இந்த வீட்டுப் பெண்கள் எல்லோரும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்றார் டாக்டரம்மா. அதற்குத்தான் இந்தக் கடிதம். நீங்கள் மூவரும் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும், பேத்திக்கு என் முத்தம். இந்த வாரமே ஒரு நாள் லீவு போட்டு டாக்டரிடம் போ, போய்வந்த தேதியை எழுது. வேறொன்றும் எழுத நேரமில்லை என்றால் பரவாயில்லை, அந்தத் தேதி போதும்.

உன்னைப் பெற்றவள்,
அம்மா