எந்தக் கப்பலிலும் வராத கிழங்கு

பிள்ளைப்பாக்கம்
ஐப்பசி, 1991

கடலெல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியில் எங்கள் கொல்லையில் வேர்விட்ட மச்சானுக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. நேற்று உன் திதி. உன்னை நினைத்து நாலு நல்ல வார்த்தை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் உன் பேரை எடுத்தாலே எனக்குக் கழுத்து நரம்பு புடைக்கிறது. எல்லாம் உன் கிழங்குகள் செய்த வேலை.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் மஞ்சள் பூத்த கண்ணோடு படுத்துக்கொண்டு என் கையைப் பிடித்து, "மாப்ள, கொடி காயாம பாத்துக்கோ" என்றாய். அந்த நிலைமையில் இருப்பவன் கேட்கும்போது யார்தான் முடியாது என்பான்? தண்ணீர் ஊற்றினால் போதும் என்று நினைத்து நானும் தலையாட்டிவிட்டேன். சர்க்கரைவள்ளியை விதைநெல் மாதிரி கோட்டை கட்டி வைக்க முடியாது, கிழங்கு எடுத்ததும் கொடியை நறுக்கி மறுபடி நட வேண்டும், ஒரு பட்டம் விட்டுப்போனால் அந்த ரகமே போச்சு என்பதை ஏனப்பா முதலிலேயே சொல்லவில்லை? நான் லாரி பாகம் செய்கிற கம்பெனியில் ஷிப்டு பார்க்கிறவன். காலையில் கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கும்போது நான் உன் கொல்லையில் முழங்கால் சேற்றோடு நிற்பேன். லைனில் சூப்பர்வைசர் என் நகத்தைப் பார்த்துவிட்டு, "ஏகாம்பரம், நீ இங்க வேலைக்கு வர்றியா, நாத்து நடப் போறியா?" என்று கேட்கிறார்.

ஊரில் எத்தனை பேர் வெளிநாடு போய் வருகிறார்கள். டேப்ரிகார்டர் கொண்டுவருவார்கள், சென்ட்டு பாட்டில் கொண்டுவருவார்கள். கப்பலில் சமையல்காரனாக உலகத்தையே சுற்றிய நீ, ஒவ்வொரு தடவையும் காலுறைக்குள் கிழங்கை ஒளித்துக்கொண்டு வந்தாய். நறுக்கினால் மை கொட்டினாற்போல் ஊதாவாக இருப்பது மணிலா. வேகவைத்தால் மாவாக உதிர்வது மொம்பாசா. கேரட் நிறத்தில் சொதசொதவென்று இருந்ததற்கு பனாமா என்று பேர் வைத்தாய். எந்தத் துறைமுகத்தில் கிடைத்ததோ அந்த ஊர்தான் பேர். ஒன்றின் இலை வெற்றிலை மாதிரி, இன்னொன்றின் இலை வாத்துக்கால் மாதிரி. எல்லாம் ஒரே பயிர்தானா என்று ராணி கேட்டதற்கு, "உன் புருஷனும் நானும் ஒரே ஜாதி மனுஷன்தான், மூஞ்சி ஒண்ணாவா கீது?" என்றாய். உன் தங்கச்சி இன்னமும் அதைச் சொல்லிச் சிரிக்கிறாள். என் மூஞ்சிக்கு என்ன குறை என்று நான் இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கிணற்றடிக் கொல்லையில் லைன் வீடு கட்டி வாடகைக்கு விடலாம் என்று அத்தை, அதாவது உன் அம்மா, முடிவு செய்துவிட்டார். கம்பெனிகளுக்குத் தெற்கிலிருந்து பையன்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள், தங்க இடமில்லை. திதி முடிந்த மறுநாள் கொடியை எல்லாம் கொத்தி எறிந்துவிட்டு அஸ்திவாரம் தோண்டலாம் என்று மேஸ்திரியிடம் சொல்லியாகிவிட்டது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டோடு மாப்பிள்ளையிடம் யார் எதைக் கேட்பார்கள்?

இங்கே நான் ஒரு தந்திரம் செய்யப் பார்த்தேன். உன் கிழங்கு ஒரு தடவை உன் படையல் இலையில் ஏறிவிட்டால், அப்புறம் அத்தைக்கு அதைக் கொத்தி எறிய மனசு வராது என்பது என் கணக்கு. அதனால் திதிக்கு முன்னால் மெதுவாகச் சொன்னேன்.

"அத்தை, மச்சானுக்கு அவன் வெச்ச கெழங்கயே ரெண்டு வேகவெச்சிப் படைக்கலாமே."

"நல்லாக்கீதே. படையலுக்கு நாட்டுக்காய்தான் ஆவும். சீமைக்காயெல்லாம் ஆவாது மாப்ள. வேணும்னா நம்ம சர்க்கரவள்ளி வாங்கினு வாங்க."

அத்தோடு நான் வாயை மூடியிருக்க வேண்டும். நம்ம சர்க்கரைவள்ளி என்று அவர் சொன்னதும், நீ கப்பலில் நடந்ததாகச் சொன்ன சண்டை என் நினைவுக்கு வந்து தொலைத்தது. பெரு நாட்டுக்காரன் ஒருவன் இது எங்கள் மலைப்பயிர், எங்கள் பேச்சில் இதற்குக் குமர் என்று பேர் என்றானாம். நியூசிலாந்துப் பக்கத்துத் தீவுக்காரன் ஒருவன் விடாமல், எங்கள் முன்னோர் படகிலேயே கொண்டுவந்து வைத்தது, எங்களுக்கு இது குமரா என்றானாம். இரண்டு பேரும் கரண்டியைத் தூக்கிக்கொண்டு நிற்க, நீ நடுவில் புகுந்து, "எங்கூர்ல இதும் பேரு வள்ளி. அங்க குமரன், இங்க வள்ளி. கல்யாணம் பண்ணி வெச்சது கப்பல்தான்" என்றாயாம். அவர்களுக்கு ஒரு எழவும் புரியவில்லை என்று சொல்லி நீயே விழுந்து விழுந்து சிரித்தாய்.

அதை நான் அத்தையிடம் சொன்னேன். பழைய வள்ளிக்கிழங்கு ஒன்று நம் காட்டிலேயே உண்டு, பிற்பாடு கடல் தாண்டி வந்த இதற்கும் அந்தப் பேரையே வைத்துவிட்டோம், ஆக நாம் பொங்கலுக்குப் படைப்பதும் சீமைக்கிழங்குதான் என்று சொல்லிவிட்டேன். சந்தோஷப்படுவார் என்றா நினைத்தேன்? என்னவோ நினைத்தேன்.

"யார் சொன்னது?"

"உங்க புள்ளதான் அத்தை."

"அப்ப அதுவும் வாணாம். இத்தினி வருசமா தெரியாம படைச்சிகினு இருந்திருக்கோம்."

உன் தங்கச்சி சும்மா இருப்பாளா? அடுப்படியிலிருந்து, "மொளகாயும் அப்டித்தானாம்மா, அண்ணன் சொல்லிக்கீது" என்றாள். மிளகாயும் போயிற்று. மிளகு மட்டும் போட்டு உனக்கு சாம்பார் வைப்பது என்று முடிவாயிற்று. நீ எவ்வளவு காரம் தின்பாய் என்று எனக்குத் தெரியும். உனக்காக ஒரு வாய் பேசப் போய், உன் சாம்பாரையே கெடுத்துவிட்டேன்.

"சேப்பங்கெழங்காவது நம்மளுதா?" என்று அத்தை கேட்டார்.

"நம்மளுதுதான். நம்ம பக்கத்துலேர்ந்துதான் தீவுக்கெல்லாம் போச்சின்னு மச்சான் சொல்வான்."

அவர் முறத்தைக் கீழே வைத்தார். "போனதெல்லாம் போச்சி மாப்ள. வந்தது இன்னா? ஒவ்வொரு வாட்டியும் மருமவள கூட்டினு வருவான்னு வாசல்ல நின்னேன். கெழங்கத் தூக்கினு வந்தான். அவனுக்குன்னு ஒரு புள்ள இல்ல, ஒரு கொள்ளி போட நாதி இல்ல. இந்தக் கெழங்க வெச்சிகினு நான் இன்னா பண்ண?"

உன்மேல் எனக்கு அப்போது வந்த கோபம் கொஞ்ச நஞ்சமல்ல. கிழங்குக்காக இல்லை. அந்தப் பெண்மணியை அத்தனை வருஷம் வாசலில் நிற்க வைத்ததற்காக. எத்தனை தடவை பெண் பார்த்தோம்? அடுத்த கப்பல் முடியட்டும், அடுத்த கப்பல் முடியட்டும் என்றாயே. எந்தக் கப்பல் முடிந்தது?

இப்போது உனக்குத் தெரியாத ஒரு சேதி சொல்கிறேன். ஆடி மழைக்கு அப்புறம், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஏதோ ஒன்று முளைத்தது. மீன்வால் மாதிரி பிளந்த இரண்டு இலை. களை என்று பிடுங்கப் போனேன். நடுவில் குருத்து சர்க்கரைவள்ளி மாதிரியே வந்ததால் விட்டுவிட்டேன். வளர வளர எனக்கு மண்டை காய்ந்தது. இலை வாத்துக்கால், தண்டு மணிலாவைப் போல ஊதா. நான் நடவே இல்லை. நட்ட எதைப் போலவும் முழுசாக இல்லை.

அப்புறம்தான் நீ சொன்னது உறைத்தது. ஊரில் ஒரே கொடியைத்தான் நறுக்கி நறுக்கி நடுகிறோம், காடு முழுக்க இருந்தாலும் அது ஒரே செடிதான், தனக்குத்தானே பூத்தால் விதை பிடிக்காது, பல ஊர்க் கொடி ஒன்றாக இருந்தால்தான் பிடிக்கும் என்பாய். நீ போன பிறகு, தை மாசத்தில் கொல்லை முழுக்கப் பூத்தது. வண்டுகளுக்கு எந்தத் துறைமுகமும் தெரியாதே. விதை விழுந்து, வெயிலில் கிடந்து, மழைக்கு முளைத்திருக்கிறது.

நேற்றுக் காலையில் அதைத் தோண்டினேன். நாளைக்கு மேஸ்திரி வந்தால் எல்லாமே குப்பைதான், என்னதான் பிடித்திருக்கிறது பார்ப்போமே என்று. வெளியே வெள்ளைத் தோல். நகத்தால் கீறினால் உள்ளே மஞ்சள், நடுவில் ஊதாவாக ஒரு வளையம். நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு முட்டாள் மாதிரி நின்றபோது அத்தை தண்ணீர் சேந்த வந்தார்.

"இது எந்தக் கப்பல்ல வந்துச்சி?" கேட்ட விதத்திலேயே எரிச்சல் இருந்தது.

"எந்தக் கப்பல்லயும் வரல அத்தை. மச்சான் வெச்சதுங்க ஒண்ணோட ஒண்ணு பூத்து, வெத வுழுந்து, இங்கயே மொளச்சது. இந்த மாதிரி வேற எங்கயும் கெடையாது."

"இங்கயே பொறந்ததா?"

"இந்தக் கெணத்தாண்டயேதான்."

அவர் குடத்தை வைத்துவிட்டுக் கிழங்கை வாங்கிக்கொண்டார். முந்தானையால் மண்ணைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார், சுத்தமான பிறகும். பிறகு அவரே கொண்டுபோய் வேகவைத்து, உன் இலையில் நடுவாக வைத்தார். மிளகு சாம்பாருக்குப் பக்கத்தில் அது மட்டும்தான் பார்க்க அழகாக இருந்தது. ராணி அழுதாள். நானும் அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் அழுதேன்.

"இதும் பேரு இன்னா?" என்று அத்தை கேட்டார். இன்னும் வைக்கவில்லை என்றேன். "அவன் ஊர் பேர்தான வெப்பான். பொறந்த ஊர் பேரையே வைங்க."

அதனால் அதன் பேர் பிள்ளைப்பாக்கம்.

இன்று காலையில் மேஸ்திரி வந்து நின்றார். லைன் வீட்டை ரோட்டுப் பக்கம் தள்ளிக் கட்டு, கிணற்றடியில் கடப்பாரை படக் கூடாது என்று அத்தை சொல்லிவிட்டார். ஒரு ரூம் குறைகிறதே என்றார் மேஸ்திரி. குறைந்தால் குறையட்டும் என்றார் அத்தை. சாகும்போது நீ கேட்டது நடந்துவிட்டது, மச்சான். பிள்ளைப்பாக்கத்தின் கொடியை நறுக்கி அதே கல்லடியில் மறுபடி நட்டுவிட்டேன். மணிலா, மொம்பாசா எல்லாவற்றுக்கும் கூடவே இடம் கிடைத்துவிட்டது. அதாவது, நான் ரிட்டையர் ஆகிறவரை முழங்கால் சேறுதான்.

அத்தைக்கு எப்போதும் பேரை முழுசாகச் சொல்கிற பொறுமை கிடையாது. சாயங்காலம் ஷிப்டு முடிந்து பஸ்ஸை விட்டு இறங்குகிறேன், செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலில் நின்றுகொண்டு கேட்கிறார்: "புள்ளைக்குத் தண்ணி ஊத்துனீங்களா மாப்ள?"

நீ கேட்டது எனக்குப் புரியாமலே ஒரு தடவை தலையாட்டினேன். இப்போது புரிந்து சொல்கிறேன். புள்ளைக்குத் தண்ணீர் ஊற்றுவேன். கூடவே இன்னொன்று. லைனில் என் பக்கத்தில் நிற்கிற தூத்துக்குடி சேவியரின் தம்பி கப்பலுக்குப் போகிறான். அடுத்த பட்டத்துக் கிழங்கில் ஒன்றை அவன் காலுறைக்குள் வைத்து அனுப்புவேன். நீ அத்தனை ஊர்களிலிருந்து எடுத்து வந்தாயே, நம் ஊரிலிருந்தும் ஒன்று போகட்டும்.

உன் தங்கச்சியின் புருஷன், உன் புள்ளைக்கு மாமன்,
ஏகாம்பரம்