கலியாணச் சேலையில் தைத்த வேசம்

குவைத், 12.03.1984

அன்புள்ள உம்மாவுக்கு, நளீமாவின் ஸலாம். நான் சுகம். உங்கள் கால் வீக்கம் வற்றிவிட்டதா? கல்முனை ஆஸ்பத்திரிக்குத் தவறாமல் போங்கள்.

போன கிழமை இந்த வீட்டுப் பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் வினோத உடைப் போட்டி. "என்ன வேசம் போடப்போறீங்க மகள்?" என்று கேட்டேன். "உன்னைப்போல" என்றாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. எங்களூர் மணப்பெண்ணாக அனுப்புவோம் என்று, பெருநாளைக்கு உடுக்கக் கொண்டுவந்த என் கலியாணச் சேலையையே வெட்டி அவளுக்கு அளவாகத் தைத்தேன். மட்டையில் பொன்தாள் ஒட்டி அட்டியலும் காப்பும் செய்தேன்.

கார் ஏறும்போது தாய்க்காரி அட்டியலைக் கழற்றினா. "வேலைக்காரிக்கு நகை எதுக்கு?" என்று சொல்லி, பிள்ளையின் கையில் கூட்டும் தும்புத்தடியும் வாளியும் கொடுத்தா. முதல் பரிசு கிடைத்ததாம். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். நீங்கள் யோசிக்க வேண்டாம். பரிசுக் கிண்ணம் கூடத்தில் இருக்கிறது. அதற்குத் தூசு தட்டுவதும் நான்தான்.

யாரும் இங்கே வந்தால் கறிக்குப் போடக் கொஞ்சம் மாசித்தூளும் என் மகள் பர்சானாவின் பழைய சட்டை ஒன்றும் கொடுத்துவிடுங்கள். சட்டையைக் கழுவ வேண்டாம்.

அந்தச் சேலை பர்சானாவின் கலியாணத்துக்கு என்று அவளிடம் சொல்லி வைத்திருந்தேன். இனி அதைப் பற்றி அவளோடு கதைக்காதீர்கள்.

கூப்பிடுகிறார்கள், போகிறேன்.

உங்கள் மகள்
நளீமா