அகலமான முகங்கள்

மார்ச் 4
லேப்டாப்பின் திரை செத்து ஒரு வாரம். இன்று முதலாளி, ஏதோ ஓர் அலுவலகத்தில் கழித்துப் போட்ட பெரிய மானிட்டரை ஸ்டுடியோவுக்குத் தூக்கி வந்து கேபிளைச் சொருகினார். இருட்டுக்குள்ளிருந்து நீலம் மெல்ல மேலேறி வந்தது, தண்ணீருக்கடியில் யாரோ விளக்குப் போட்ட மாதிரி. எழுத்தெல்லாம் பஞ்சு.
“எல்லாம் உப்பிக் கிடக்கே, சார்?”
“பெரிய ஸ்கிரீன்னா அப்படித்தாம்மா. ரெண்டு நாள்ல கண்ணு பழகிடும்.”

மார்ச் 7
பழகிவிட்டது. எதற்குத்தான் பழகவில்லை நாம்?
அக்கா வேலை பார்க்கும் சட்டைக் கம்பெனியின் ஆர்டர் வந்திருக்கிறது. எல்லோருக்கும் அடையாள அட்டை. கேட்டில் முகத்தைப் படத்தோடு ஒப்பிட்டுக் கதவு திறக்கும் மெஷின். வாட்ச்மேன் ஆறு வருஷமாகப் பார்க்கும் முகங்கள்தான். அது போதாதாம். இந்த மாதம் ஒரு நாள்கூடத் தவறாமல் வருபவர்களை நிரந்தரமாக்குவார்கள் என்று பேச்சு. அக்கா காய்ச்சலோடு போகிறாள்.
முதலாளி எடுத்து வந்த படங்களைத் திறந்தால் எல்லோரும் பூசணிக்காய். “புது லென்ஸ், கிட்ட நின்னு எடுத்துட்டேன் போல. கொஞ்சம் ஒல்லியாக்கிடு.”

மார்ச் 9
நாள் முழுக்க முகங்களை இரண்டு பக்கமும் பிடித்து அமுக்கினேன். சாயங்காலம் வெளியே வந்தால் தெருவே மெலிந்திருக்கிறது. பேருந்துக்கு நின்றவர்கள் தீக்குச்சிகள். ஒரு குழந்தை நூல்போல நடந்து போனது. உண்மையிலேயே இவ்வளவு ஒல்லியா, இல்லை என் கண்தான் மயங்குகிறதா? பசியை இத்தனை நாள் கவனிக்காமல் இருந்துவிட்டேனா?

மார்ச் 10
அக்காவின் படம் வந்தது. நிறைந்த கன்னம். கம்பெனிக்குப் போவதற்கு முந்தைய அக்கா — மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே விசிலடிப்பாளே, அவள். லென்ஸ் பொய் சொல்கிறது என்று தெரியும். சொல்லட்டுமே. அமுக்க மனம் வரவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

மார்ச் 14
என்ன செய்துவிட்டேன்!
காலையில் கேட்டிலேயே அட்டை கொடுத்தார்களாம். “ஐயோ, நான் இவ்வளவு அழகா!” என்று ஒரே சிரிப்பாம். பிறகு மெஷின் முன்னால் நின்றார்கள். கதவு யாருக்கும் திறக்கவில்லை. அக்காவுக்கு மட்டும் திறந்தது. மற்றவர்களை வெயிலில் நிறுத்திவிட்டு, மத்தியானம் “வரவில்லை” என்று பதிந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வாட்ச்மேன் ஒவ்வொருத்தரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டே திருப்பி அனுப்பினாராம்!
“உனக்கு மட்டும் எப்படிடீ திறந்துச்சுன்னு கேக்குறாங்க. நான் என்னத்தச் சொல்ல?” அக்கா சாப்பிடவில்லை.
தொடாமல் விட்டது அவள் படம் ஒன்றைத்தான்.

மார்ச் 15
ஸ்டுடியோ திறந்ததும் முதல் வேலையாகத் திரையில் ஒரு வட்டம் போட்டேன். முட்டை. அமைப்புகளுக்குள் போய்ப் பார்த்தேன்: ரெசல்யூஷன் 1024க்கு 768. சதுரத்துக்குப் பக்கமான பழைய அளவு. கேபிளோ கம்ப்யூட்டரோ இந்த மானிட்டரை அடையாளம் கண்டுகொள்ளாமல், அந்தப் பழைய படத்தையே அகலத் திரை முழுக்க இழுத்துப் பூசியிருக்கிறது. 1920க்கு 1080 என்று மாற்றினேன். ஒரு கணம் எல்லாம் கறுப்பு. பிறகு வட்டம் வட்டமாக வந்தது, நிலா மாதிரி.
அக்காவின் படத்தைத் திறந்தேன். இப்போது ஒட்டிய கன்னம். லென்ஸ் பொய்யே சொல்லவில்லை. அப்படியானால் மற்றவர்கள்? இருக்கிற கொஞ்ச முகத்தையும் நான்தான் பிடுங்கியிருக்கிறேன்.
முதலாளி பார்த்தார். கதவைச் சாத்தினார். “மெஷின் கோளாறுன்னு சொல்லிடலாம். உனக்கும் வேலை தங்கும், எனக்கும் பேரு தங்கும்.”
“அவங்க ஒரு நாள் போச்சே, சார்.”
“ஊர்க் கவலையெல்லாம் உனக்கு எதுக்கு? உங்க அக்கா உள்ள போயாச்சுல்ல?”

மார்ச் 16
நேற்றிலிருந்து கேட்டில் பெயர் எழுதிக்கொண்டு எல்லோரையும் உள்ளே விடுகிறார்களாம். சாப்பாட்டு வேளையில் அக்கா பக்கத்தில் யாரும் உட்காரவில்லையாம்.
“நான்தான் காரணம்னு சொல்லிடட்டுமா? வேலை போயிடும்.”
அக்கா சோற்றைப் பிசைந்தாள். “எனக்குக் கதவு திறந்தப்போ சந்தோஷமாத்தான் இருந்துச்சு. அதான் தாங்கல. போய்ச் சொல்லுடி.”

மார்ச் 17
லேப்டாப்பையும் மானிட்டரையும் சுமந்து கம்பெனி மேனேஜர் மேசையில் வைத்தேன். கேட்காமல்தான் எடுத்துப் போனேன். பழைய அளவு, புது அளவு — மாற்றி மாற்றிக் காட்டினேன். வட்டம் முட்டையானது, முட்டை வட்டமானது. அவர் வாயைப் பிளந்து பார்த்தார்.
“அப்ப இவங்க யாரும் லீவு இல்லையா?”
“வாசல்லதான் சார் நின்னாங்க. உங்க ஜன்னல்ல இருந்தே தெரிஞ்சிருக்குமே.”
பதிவைத் திருத்தக் கையெழுத்துப் போட்டார். சாயங்காலம் முதலாளியும் என் கணக்கை முடித்துவிட்டார்.

ஏப்ரல் 6
அக்காவும், அன்று வாசலில் நின்றவர்களும் நிரந்தரமாகிவிட்டார்கள்.
இன்று கம்பெனியில் புது ஆட்களுக்குப் படம் எடுத்தார்கள். வேறு ஸ்டுடியோக்காரர். வரிசையில் நானும் நின்றேன். பேக்கிங் பிரிவு, தற்காலிகம். அட்டை மாற்ற வந்திருந்த ஒரு பெண் என்னையே உற்றுப் பார்த்தாள்.
“எங்களையெல்லாம் ஒல்லியாக்குனது நீதானே?”
“ஆமாங்கா.”
“இந்தப் பழைய அட்டையைத் திருப்பிக் கொடுக்கணுமாம். என் வீட்டுக்காரர் கொடுக்கவே கூடாதுங்கிறாரு, இதுல நான் அவ்வளவு அழகாம்” என்றாள். பிறகு கை நீட்டி என் காலரை நேராக்கிவிட்டாள்.