மருதாத்தாளும் என் தாடியும்

கோவிந்தாபுரம்
1924 மார்ச் 3

என் மனைவி மருதாத்தாளுக்கு ஒன்பதாம் மாதம். மனைவி முழுகாமல் இருந்தால், பிள்ளை பிறக்கும்வரை கணவன் முகத்தில் கத்தி படக்கூடாது என்பது எங்கள் வழக்கம். ஆகவே அவளுக்கு வயிறும் எனக்குத் தாடியும் சேர்ந்தே வளர்கின்றன. வயிற்றைப் பார்த்துத்தான் எல்லோரும் மகிழ்கிறார்கள்.

மார்ச் 29

இரண்டு நாள் வலி எடுத்து, நின்றுவிட்டது. பிள்ளை வரவில்லை. அசைவும் இல்லை. மருத்துவச்சி நாச்சம்மாள் வயிற்றில் காதை வைத்துக் கேட்டாள். "தூங்குதுங்க. எந்திரிச்சா வருமுங்க."

அந்த விஷயத்தில் என் பிள்ளைதான்.

ஜூலை 11

நாச்சம்மாளின் புருஷன் சின்னமுத்துதான் ஊர் நாவிதன். வாசலில் வந்து நின்றான். "ஏனுங்க எசமான், தாடி நெஞ்சுக்கு வந்திருச்சுங்களே. எடுத்தரலாமுங்களா?"

உள்ளேயிருந்து மருதாத்தாள்: "ஆரது கத்தியோட? எம்புள்ள இன்னும் வரலையே!"

போய்விட்டான்.

1926 ஜனவரி 20

கொல்லங்கோட்டுச் சந்தையில் ஒருவர் என்னைச் சாமியார் என்று விழுந்து கும்பிட்டார். ஆசீர்வதித்தேன். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும்.

அவள் வயிறு வற்றி, ஒரு பக்கம் மட்டும் கல்லாக நிற்கிறது. அதைத் தடவிக்கொடுக்கிறாள். எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியுமோ? தாடியை எடுத்தால் நான் சொன்னதாகிவிடும்.

1928 ஆகஸ்ட் 6

காய்ச்சல், தாங்கமுடியாத வயிற்றுவலி. கோயமுத்தூர் ஆஸ்பத்திரி.

டாக்டரம்மா சொன்னது: கரு கர்ப்பப்பைக்கு வெளியே, வயிற்றுக்குள் வளர்ந்திருக்கிறது, அது வெளிவர வழியே கிடையாது. இறந்த பிள்ளையை உடம்பே சுண்ணாம்பு பூசிக் கல்லாக்கி வைத்திருக்கிறது. இப்போது அது குடலை அழுத்துகிறது. எடுக்காவிட்டால் இவள் போய்விடுவாள். எடுக்கும்போதும் போகலாம்.

"வெட்டி எடுக்கற பொருளாங்க அது?" என்றாள் மருதாத்தாள். மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"மருதா, எனக்கு நீ ஊட்டுக்கு வந்தாப் போதும்" என்றேன்.

என் தாடியைப் பார்த்தாள். "சரிங்க மாமா."

ஆகஸ்ட் 8

எடுத்துவிட்டார்கள். கண் திறந்தாள்.

செப்டம்பர் 14

ஊர் திரும்பியதும் பிள்ளையைத் தோட்டத்தில், வாய்க்கால் பக்கம் அடக்கம் செய்தோம். இன்று காலை அவளே சின்னமுத்துவைக் கூப்பிட்டனுப்பினாள். "இவிக மொகத்தை வழிச்சுடு" என்று சொல்லிவிட்டு, கண்ணாடியைத் தானே பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

பாதி எடுத்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு நின்றது. "ஏனுங்க மாமா, கன்னமெல்லாம் இப்பிடி ஒட்டிப் போயிருக்குதே. சொல்லவே இல்லியே நீங்க."

கண்ணாடியை மடியில் போட்டுவிட்டு, என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மீதி முகத்தைச் சின்னமுத்து அவள் விரல்களுக்கு நடுவே அனுமானத்தில்தான் வழித்தான்.